ஒரு நோட்டு, இரண்டு கை: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் செஷன் பற்றி, அதாவது வந்திருக்கும் ஆள் யார் என்று பக்கத்துக்குப் பக்கம் மறக்காமல் இருக்க சர்வர் ஆளுக்கொன்றாக வைக்கும் குறிப்பு பற்றி, நான்கே நான்கு வரிதான் எழுதினேன். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் ஆரல்வாய்மொழியில் இருந்து களியக்காவிளை வரைக்கும் பாதிப் பேர் ராத்திரி தூங்காமல் சர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. சரி, ஏழு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்தான். கட்டளைகளின் பெயரைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், பிஎச்பி கட்டளைகளில் நடுவே இடைவெளி வருகிற இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

தோவாளை வாசகர்: பூ கமிஷன் கடை வைத்திருக்கிறோம். பில் போடும் புரோகிராமை நானே பிஎச்பியில் எழுதினேன். மாதக் கணக்கு ரிப்போர்ட்டைத் தட்டினால் முக்கால் நிமிஷம் ஆகும், அது பரவாயில்லை. ஆனால் அந்த முக்கால் நிமிஷமும் இன்னொரு டேபில் பில் பக்கம் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே நேரத்தில் தம்பி அவன் போனில் திறந்தால் டக்கென்று வருகிறது, இத்தனைக்கும் லாகின் பெயர் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். சர்வர் ராமை 2 ஜிபியில் இருந்து 8 ஜிபி ஆக்கியும் மாற்றம் இல்லை. ஓணம் வருகிறது, விடியுமுன்னே கேரளா வண்டிகள் வந்து நிற்கும்போது இப்படி ஆனால் வெப்ராளமாக இருக்கிறது.

ராமுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான் அண்ணாச்சி, அதை மறந்துவிடுங்கள். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: தம்பி போனில் வருகிறது. சர்வருக்கு மூச்சு முட்டினால் தம்பிக்கும்தானே முட்ட வேண்டும்?

பிஎச்பி வழக்கமாகச் செஷனை சர்வரில் ஒரு சின்ன ஃபைலாக வைக்கிறது. உங்கள் பிரவுசரில் இருக்கும் குக்கியில் (சர்வர் கொடுத்துவைக்கும் துண்டுக் குறிப்பு) உள்ள எண்தான் அந்த ஃபைலின் அடையாளம். செஷன் ஸ்டார்ட் என்று எழுதிய இடத்தில் பிஎச்பி அந்த ஃபைலைத் திறந்து பூட்டுப் போட்டுவிடும், அந்தப் பக்கம் ஓடி முடிகிறவரை பூட்டை எடுக்காது. உங்கள் கடையில் ஒரு மாலைக்காரருக்கு ஒரு பற்று நோட்டு இருக்கிறது என்று வையுங்கள், கணக்குப்பிள்ளை அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாதக் கூட்டல் போட உட்கார்ந்துவிட்டால், அதே ஆள் வாங்கின பிச்சிப்பூவை அதில் எழுத வந்த பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். அடுத்த ஆளின் நோட்டில் எழுதத் தடை இல்லை. தம்பியின் போன் அந்த அடுத்த நோட்டு. லாகின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பிரவுசர் வேறு, குக்கி வேறு, ஆகவே செஷன் ஃபைலும் வேறு. பூட்டு ஆளுக்கு அல்ல, செஷன் எண்ணுக்கு.

சரி செய்வது சுலபம். ரிப்போர்ட் பக்கத்தில் ஆரம்பத்திலேயே செஷனில் இருந்து வேண்டியதை (யார், எந்தக் கடை, அனுமதி உண்டா) சாதாரண மாறிகளில் எடுத்துக்கொண்டு, கனமான வேலையைத் தொடங்கும் முன் செஷன் ரைட் க்ளோஸ் என்ற ஒரு வரியைப் போடுங்கள். பூட்டு அந்த நொடியே விடுபடும், முக்கால் நிமிஷக் கூட்டல் தன் பாட்டுக்கு நடக்கும். செஷனைப் படிக்க மட்டும் செய்கிற பக்கங்களுக்கு பிஎச்பி 7-இல் இருந்து இன்னும் சுருக்கமான வழி உண்டு: செஷன் ஸ்டார்ட்டுக்குள்ளேயே ரீட் அண்ட் க்ளோஸ் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் படித்த கையோடு மூடிவிடும். ஒன்று மட்டும் கவனம், மூடிய பிறகு செஷனில் எதை எழுதினாலும் அது சேமிக்கப்படாது, பிழைச் செய்தியும் வராது. இரண்டு நாள் கழித்து "சேர்த்தது எங்கே போச்சு" என்று நீங்கள் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

இதைச் சோதிக்கும்போது பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. குரோமில் ஒரே முகவரியை இரண்டு டேபில் திறந்து "இரண்டாவது காத்திருக்கிறதா" என்று பார்ப்பார்கள். குரோம் ஒரே முகவரிக்கான இரண்டாவது ரிக்வெஸ்ட்டைச் சில சமயம் தானே நிறுத்திவைக்கும், முதல் பதில் வந்தால் அதைக் கேஷில் (பிரவுசர் தன்னிடம் சேமித்துவைக்கும் பிரதி) இருந்தே கொடுக்கலாமா என்று பார்ப்பதற்காக. சர்வருக்கு அந்த ரிக்வெஸ்ட் போயே இருக்காது, நீங்கள் சர்வரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஏதாவது ஒரு எண்ணைச் சேர்த்துவிடுங்கள், அல்லது இரண்டு வெவ்வேறு பக்கங்களைத் திறந்து பாருங்கள்.

அப்புறம், "ஃபைலை விட்டுவிட்டு ரெடிஸுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள், ரெடிஸ் என்பது ராமிலேயே தரவை வைக்கும் டேட்டாபேஸ். சரியாகும், ஏன் சரியாகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். பிஎச்பியின் ரெடிஸ் இணைப்பில் செஷன் பூட்டு வழக்கமாக அணைத்தே இருக்கும், அதனால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. பதிலுக்கு வேறொன்று நடக்கும். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் தொடங்கும்போது முழுச் செஷனையும் படிக்கிறது, நடுவே அதில் எதையாவது மாற்றியிருந்தால் முடியும்போது முழுச் செஷனையும் திரும்ப எழுதுகிறது. நீங்கள் பில்லில் மல்லிகை சேர்த்து முடித்திருப்பீர்கள், அதற்கு முன்னே தொடங்கிய ரிப்போர்ட் செஷனில் ஏதாவது குறித்திருந்தால் கடைசியில் வந்து தன்னிடம் இருந்த பழைய செஷனை மேலே எழுதிவிட்டுப் போகும், மல்லிகை காணாமல் போகும். பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான லாராவெலிலும் வழக்கமாக இதே கதைதான், வேண்டுமென்றால் குறிப்பிட்ட ரூட்களுக்கு (பக்க முகவரிகளுக்கு) மட்டும் பிளாக் என்று சொல்லிப் பூட்டை வரவழைக்கலாம். என்னைக் கேட்டால் பாதி போட்ட பில் செஷனிலேயே இருக்கக் கூடாது, டேட்டாபேஸ் டேபிளில் ஒரு வரியாக இருக்க வேண்டும். கரண்ட் போனாலும் பிரவுசர் மூடினாலும் அது அங்கேயே கிடக்கும்.

மார்த்தாண்டம் மாணவி: கடைசி வருஷ புராஜெக்ட், ஜாவா சர்வ்லெட். என் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. லேபில் ஆறு பேர் ஒரே நேரத்தில் நுழைந்தபோது ஒருத்தியின் திரையில் இன்னொருத்தியின் பெயர் வந்தது. சில நேரம் தேதிகூடத் தப்பாக வருகிறது, இல்லாத ஒரு வருஷத்தைக் காட்டுகிறது. வைவாவுக்கு இன்னும் பத்து நாள்தான். செஷன் மாறிப் போகிறதா அண்ணா?

செஷன் மாறவில்லை மக்களே. சர்வ்லெட் வகுப்பின் தலையில், மெதட்களுக்கு வெளியே, யூசர் நேம் என்று ஒரு மாறி அறிவித்து வைத்திருக்கிறாயா? பார், இருக்கும். சர்வ்லெட்டை ஓட்டுகிற சர்வரான டாம்கேட் உன் சர்வ்லெட்டில் ஒரே ஒரு பிரதியைத்தான் உண்டாக்குகிறது, வருகிற எல்லா ரிக்வெஸ்ட்டும் தனித்தனி த்ரெட்டாக (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) அந்த ஒன்றுக்குள்ளேதான் நுழைகிறது. டாம்கேட்டின் வழக்கமான அமைப்பில் ஒரே நேரத்தில் 200 த்ரெட் வரை போகலாம். ஆக அந்த மாறி ஊர்ப் பொதுக் கிணறு, நீ தண்ணீர் இறைத்துவைத்த வாளியை அடுத்தவள் எடுத்துக்கொண்டு போகிறாள். உன் லேப்டாப்பில் கிணற்றடிக்கு நீ ஒருத்திதான் போனாய்.

மாறியை மெதடுக்கு உள்ளே கொண்டுபோ, அது போதும். ஆளோடு ஒட்டியிருக்க வேண்டியதைச் செஷனில் வை. ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கில் எழுதினாலும் தப்பிக்க முடியாது, கன்ட்ரோலர், சர்வீஸ் எல்லாம் அங்கேயும் வழக்கமாக ஒரே பிரதிதான்.

தேதி விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன்: சிம்பிள் டேட் ஃபார்மேட்டை ஸ்டாட்டிக்காக ஒரு தடவை உண்டாக்கி எல்லா இடத்திலும் பயன்படுத்துகிறாய். அது ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்டைத் தாங்காது, உள்ளே வைத்திருக்கும் அரைகுறைக் கணக்கில் இரண்டும் கலந்து எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத தேதி வரும். ஜாவா 8-இல் வந்த டேட் டைம் ஃபார்மேட்டருக்கு மாறு, அதை எத்தனை பேர் வேண்டுமானாலும் பகிரலாம். வைவாவில் இந்த இரண்டு பிழையையும் நீயே சொல்லி, எப்படிக் கண்டுபிடித்தாய் என்றும் சொல். எக்ஸ்டெர்னல் வேறு எதையும் கேட்க மறந்துவிடுவார்.

கன்னியாகுமரி வாசகர்: கடற்கரைப் பக்கம் ஐந்து அறை வைத்து விடுதி நடத்துகிறேன். என் மருமகன் புக்கிங் பக்கம் செய்து தந்தான். சித்ரா பௌர்ணமி அன்று ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் சாவி கேட்டு வந்து நின்றது. இரண்டு பேரிடமும் உறுதியான செய்தி இருக்கிறது. மருமகன், "அறையைச் செஷனில் பிடித்துத்தான் வைக்கிறேன், டிரான்ஸாக்ஷனும் போட்டிருக்கிறேன், எப்படி நடந்தது என்று தெரியவில்லை" என்கிறான். உண்மையிலேயே தெரியவில்லையா, இல்லை சமாளிக்கிறானா?

மருமகன் சமாளிக்கவில்லை, அவரை மன்னித்துவிடுங்கள். இது அனுபவப்பட்டவர்களும் விழுகிற குழிதான். மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா எழும்ப, இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க வருகிற கூட்டம், அதிலும் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-இல் திறந்த பிறகு கேட்கவே வேண்டாம், அந்த ஒரு ராத்திரிக்கு எத்தனை பேர் ஒரே நொடியில் ஒரே அறையைத் தட்டியிருப்பார்கள்!

முதலில் செஷன். செஷனில் பிடித்துவைத்தேன் என்றால் அது அந்த ஒரு வாடிக்கையாளரின் சட்டைப்பையில் "இது என் அறை" என்று துண்டுச்சீட்டு எழுதிவைத்தது மாதிரி. அவருக்கு மட்டும்தான் தெரியும். அடுத்தவரின் சட்டைப்பையிலும் அதே சீட்டு இருக்கலாம், யாரும் யாருடைய பையையும் பார்ப்பதில்லை. எல்லாருக்கும் பொதுவான ஒன்றை, இங்கே அறையை, ஆளுக்கொரு செஷனில் காவல் காக்க முடியாது.

அடுத்து டிரான்ஸாக்ஷன், அதாவது பல மாற்றங்களை ஒரே கட்டாக, நடந்தால் எல்லாம் இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று செய்வது. புரோகிராம் என்ன செய்கிறது? "அந்தத் தேதிக்கு இந்த அறையில் யாராவது உண்டா" என்று டேபிளைக் கேட்கிறது, இல்லை என்றதும் ஒரு வரி சேர்க்கிறது. இரண்டு குடும்பமும் சில மில்லி விநாடி இடைவெளியில் கேட்டிருக்கும், இரண்டு பேருக்கும் "யாருமில்லை" என்ற பதில் உண்மையாகவே கிடைத்திருக்கும், இரண்டு பேரும் சேர்த்திருப்பார்கள். மைஎஸ்க்யூஎல்லில் டிரான்ஸாக்ஷன் போட்டாலும் வெறும் செலக்ட் (படிக்கும் கட்டளை) வழக்கமாக எந்த வரியையும் பூட்டாது. "ஃபார் அப்டேட் சேர்த்தால் பூட்டுமே" என்பார் மருமகன். இருக்கிற வரியைப் பூட்டும், இன்னும் எழுதப்படாத வரியை எப்படிப் பூட்டுவது? அந்த இடைவெளியை மைஎஸ்க்யூஎல் ஒரு மாதிரி பூட்டப் பார்க்கும், ஆனால் இரண்டு பேருமே அந்தப் பூட்டைப் பெற்றுக்கொண்டு, சேர்க்கும்போது ஒருவர் பூட்டுக்கு ஒருவர் காத்து, முறைத்துக்கொண்டு நின்று டெட்லாக் ஆகும்.

நான் செய்வது இதுதான். தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு வரி. அறை எண், தேதி இரண்டையும் சேர்த்து யுனிக் கீ, அதாவது அதே ஜோடி இரண்டாம் தடவை வரக் கூடாது என்ற விதி. அவ்வளவுதான், இனிமேல் கேட்டுப் பார்க்கவே தேவையில்லை, நேரே சேர்க்கச் சொல்லுங்கள், இரண்டாவதாக வருகிறவரை டேட்டாபேஸே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். புரோகிராம் அந்தப் பிழையைப் பிடித்து, "மன்னிக்கவும், இப்போதுதான் ஒருவர் எடுத்துவிட்டார்" என்று சொன்னால் போதும். மூன்று இரவு என்றால் மூன்று வரி, ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள், தேதி வரிசையில் சேர்க்க வேண்டும், ஒன்று இடித்தாலும் மூன்றையும் திரும்பப் பெற வேண்டும். தேதி வரிசை ஏன் என்றால், ஒருவர் முன்னிருந்தும் ஒருவர் பின்னிருந்தும் சேர்த்தால் நடுவழியில் முட்டிக்கொள்வார்கள். மைஎஸ்க்யூஎல்லுக்குப் பதில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் தேதி எல்லையாகவே எழுதி, ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது என்று எக்ஸ்க்ளூஷன் கட்டுப்பாடு போடலாம், அது இன்னும் அழகு.

பணம் கட்டும்வரை பத்து நிமிஷம் பிடித்துவைக்க வேண்டுமா, அதே வரியில் "எதுவரை" என்று ஒரு நேரமும் நிலையும் வையுங்கள். நேரம் தாண்டின வரியை அடுத்தவர் எடுக்கும்போது, நிலையும் நேரமும் இன்னும் அப்படியே இருந்தால் மட்டும் மாற்று என்று நிபந்தனையோடு அப்டேட் செய்து, எத்தனை வரி மாறியது என்று பார்க்க வேண்டும். பூஜ்யம் என்றால் வேறொருவர் முந்திவிட்டார். உறுதிச் செய்தியை டிரான்ஸாக்ஷன் கமிட் ஆன (முடிந்து பதிவான) பிறகே அனுப்ப வேண்டும், உங்கள் விஷயத்தில் அதற்கு முன்னாலேயே போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

மருமகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். "என் கணினியில் இது வரவே மாட்டேன் என்கிறது" என்பார். கேட்பதற்கும் சேர்ப்பதற்கும் நடுவே பத்து விநாடி ஸ்லீப் போடச் சொல்லுங்கள், பிறகு அவர் லேப்டாப்பிலும் உங்கள் போனிலும் ஒரே அறையை ஒரே நேரத்தில் தட்டுங்கள். வரும், தப்பாமல் வரும். நானும் பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி விழாவுக்கு இருக்கை பதிவு எழுதிக் கொடுத்து, முன் வரிசையில் ஒரே நாற்காலிக்கு மூன்று பேரை உட்கார வைத்தவன்தான். அன்று இந்த ஸ்லீப் வித்தை எனக்குத் தெரிந்திருந்தால் அந்த முதல்வர் அறையில் அப்படி நின்றிருக்க மாட்டேன்.

தக்கலை வாசகி: ஒரு சின்ன மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பொறுப்பு என்னுடையது. வரவேற்பில் இருக்கும் பெண் ஒரு நோயாளியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே இன்னொரு டேபில் வேறொரு நோயாளியைத் திறந்தாள். பிறகு முதல் டேபுக்கு வந்து சர்க்கரை அளவைப் போட்டுச் சேமித்தாள், அது இரண்டாவது நோயாளியின் பதிவில் போய் உட்கார்ந்தது. டாக்டர் கவனித்ததால் தப்பித்தோம். "ஒரு டேபுக்கு மேல் திறக்காதே" என்று ஒட்டி வைத்திருக்கிறேன். வேறு வழி உண்டா?

அந்த நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள், தப்பு அந்தப் பெண்ணுடையது அல்ல. இந்த மாதம் வந்ததிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கிய கடிதம் இது.

புரோகிராம் எழுதியவர் "இப்போது பார்க்கும் நோயாளி" எண்ணைச் செஷனில் வைத்திருக்கிறார். இரண்டு டேபுக்கும் செஷன் ஒன்றே. இரண்டாவது நோயாளியைத் திறந்ததும் செஷனில் எண் மாறிவிட்டது. முதல் டேபின் திரையில் பழைய பெயர்தான் தெரிகிறது, சேமி என்று தட்டும்போது சர்வர் செஷனைப் பார்த்துப் புதிய எண்ணில் எழுதுகிறது. ஒரு திரையில் தெரிவது அந்தத் திரைக்குச் சொந்தமான விஷயம், அது அந்தப் பக்கத்தோடேயே பயணம் செய்ய வேண்டும். நோயாளி எண் முகவரியிலோ ஃபார்முக்குள் மறைந்த புலமாகவோ இருக்கட்டும். மறைந்த புலத்தை யாராவது மாற்றி அனுப்பினால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் பலர் செஷனில் ஒளிக்கிறார்கள். பயம் நியாயம், மருந்துதான் வேறு: சேமிக்கும்போது "இந்த லாகினுக்கு இந்த நோயாளியின் பதிவில் எழுத அனுமதி உண்டா" என்று ஒவ்வொரு தடவையும் சர்வரில் சோதியுங்கள். செஷனில் யார் உள்ளே வந்திருக்கிறார் என்பது மட்டும் இருந்தால் போதும்.

கூடவே ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பதிப்பு எண் வையுங்கள். பக்கம் திறக்கும்போது 7 என்றால் சேமிக்கும்போது "இன்னும் 7 ஆக இருந்தால் மட்டும் எழுது, எழுதி 8 ஆக்கு". நர்ஸும் டாக்டரும் ஒரே பதிவை ஒரே நேரத்தில் திருத்தினால் பின்னால் வருகிறவருக்கு "இதற்குள் மாறிவிட்டது, மறுபடி பாருங்கள்" என்று வரும். இல்லையென்றால் முன்னவர் எழுதியது சத்தமில்லாமல் அழியும். இதை இந்த வாரமே செய்யுங்கள், அடுத்த மாதம் வரை விட வேண்டாம்.

நாகர்கோவில் ஆசிரியர்: பள்ளி மதிப்பெண் பக்கத்தில் ஒரு வகுப்புக்கு மதிப்பெண்களைப் போட அரை மணி நேரம் ஆகிறது. முடித்துச் சேமித்தால் லாகின் பக்கம் வருகிறது, போட்டதெல்லாம் போச்சு. சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை.

பிஎச்பியில் எழுதியிருப்பார்கள். அதில் சும்மா கிடக்கும் செஷனின் ஆயுள் வழக்கமாக 1440 விநாடி, அதாவது 24 நிமிஷம். நீங்கள் தட்டிக்கொண்டே இருந்தாலும் சர்வருக்கு ஒன்றும் போகவில்லை, அதற்கு நீங்கள் சும்மா இருக்கும் ஆள்தான். ஆயுள் முடிந்த ஃபைலை உடனே கூட்டித் தள்ளுவதில்லை, எப்போதாவது ஒரு முறைதான் துடைப்பம் எடுக்கும், அதனால்தான் சில நாள் தப்பிக்கிறீர்கள். ஆயுளைக் கூட்டச் சொல்லுங்கள். அதைவிட, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போட்டவரை தானாகச் சேமிக்கும்படி செய்யச் சொல்லுங்கள், அதுவே செஷனையும் உயிரோடு வைக்கும். அதுவரைக்கும் பத்துப் பத்துப் பேராகச் சேமியுங்கள் சார்.

குளச்சல் வாசகர்: மீன் விலை சொல்லும் பக்கம், பைத்தான் ஃபிளாஸ்க். காலையில் ஏலம் முடிந்ததும் சாளை, நெத்திலி விலையை மாற்றுகிறேன். ரிஃப்ரெஷ் செய்தால் ஒரு தடவை புது விலை, ஒரு தடவை பழைய விலை. நானே இரண்டு கிளிக்குக்கு ஒரு முறை வெளியே தள்ளப்படுகிறேன். வீட்டில் ஓட்டும்போது இப்படி இல்லை. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

பேய் ஒன்றல்ல, நான்கு. ஃபிளாஸ்க்கை சர்வரில் ஓட்டும் குனிகார்னில் வொர்க்கர் நான்கு என்று கொடுத்திருக்கிறீர்களா? வீட்டில் ஒன்றுதான் ஓடியிருக்கும். நான்கு வொர்க்கரும் தனித்தனி புராசஸ், ஒருவர் நினைவு மற்றவருக்குத் தெரியாது. விலையை நீங்கள் டிக்ஷனரியாக குளோபல் மாறியில் வைத்திருக்கிறீர்கள், மாற்றியபோது எந்த வொர்க்கர் கையில் ரிக்வெஸ்ட் போனதோ அவருக்கு மட்டும் புது விலை தெரியும். விலையை டேட்டாபேஸில் வையுங்கள். சின்னப் பக்கம்தானே, எஸ்க்யூலைட்டே தாராளம்.

வெளியே தள்ளப்படுவதற்குக் காரணம் இன்னும் வேடிக்கை. ஃபிளாஸ்க் வழக்கமாகச் செஷனை சர்வரில் வைப்பதில்லை, குக்கிக்குள்ளேயே எழுதி சீக்ரெட் கீயால் கையெழுத்துப் போட்டு உங்களிடமே கொடுத்துவிடும். நீங்கள் அந்தச் சாவியை, தொடங்கும்போது தானாக ஏதோ ஒன்றை உண்டாக்கிக்கொள் என்று எழுதியிருப்பீர்கள், வலையில் பாதிப் பாடங்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஆக நான்கு வொர்க்கருக்கும் நான்கு கையெழுத்து. ஒருவர் போட்ட கையெழுத்தை இன்னொருவர் போலி என்று நினைத்துச் செஷனைக் காலியாக எடுத்துக்கொள்கிறார். ஒரே ஒரு முறை நீளமான சாவி ஒன்றை உண்டாக்கி சர்வரின் சூழல் மாறியில் (என்விரான்மென்ட் வேரியபிள்) வைத்து எல்லாரும் அதைப் படிக்கும்படி செய்யுங்கள். புரோகிராமுக்குள் எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: தேன் விற்கிறோம், வெளியூருக்கும் அனுப்புகிறோம். பணம் கட்டும் பக்கத்துக்குப் போய்த் திரும்பும் சில வாடிக்கையாளர்களுக்கு லாகின் போய்விடுகிறது, கூடையும் காலி. பணம் மட்டும் எங்களுக்கு வந்துவிடுகிறது, அவர்கள் பதறிப் போய் போன் செய்கிறார்கள். நான் சோதித்தால் எப்போதும் சரியாகவே இருக்கிறது. இதோடு சில ஆர்டருக்கு இரண்டு பில் மெயில் போகிறது, ஒரு தடவை இரண்டு பாட்டில் அனுப்பியும் விட்டோம்.

இரண்டு தனித்தனி நோய், ஒரே வாசலில் வருகிறது.

குக்கி என்பதையே 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மோன்டுல்லி உண்டாக்கியது இணையக் கடையின் கூடையை நினைவில் வைப்பதற்காகத்தான், நீங்கள் அதே கூடையில் மாட்டியிருக்கிறீர்கள். குரோம் 2020 பிப்ரவரியில் 80-ஆம் பதிப்போடு ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. சேம்சைட் (வேறு தளத்தில் இருந்து வரும்போது குக்கி கூட வரலாமா என்ற குறிப்பு) பற்றி ஒன்றும் சொல்லாத குக்கியை லாக்ஸ் என்றே எடுத்துக்கொள்ளும். லாக்ஸ் என்றால், வேறொரு தளத்தில் இருந்து போஸ்ட் முறையில் (ஃபார்ம் அனுப்பும் முறை) உங்கள் தளத்துக்கு வரும்போது குக்கி கூட வராது. பணம் கட்டும் தளம் வாடிக்கையாளரை போஸ்ட்டில்தான் திருப்பி அனுப்புகிறது. உங்கள் சர்வர் பார்க்கிறது, குக்கி இல்லை, புது ஆள் போலிருக்கிறது என்று புதுச் செஷன் எண்ணைக் கொடுக்கிறது, அது பழைய குக்கியின் மேலேயே விழுகிறது. லாகின் போச்சு, கூடை போச்சு.

உங்களுக்கு ஏன் வரவில்லை? கடைகள் ஒரேயடியாக உடையக் கூடாது என்று குரோம் ஒரு சலுகை வைத்தது: உண்டாகி இரண்டு நிமிஷம் ஆகாத குக்கி என்றால் போஸ்ட்டிலும் கூட வரும். நீங்கள் புதிதாக நுழைந்து மளமளவென்று தட்டிப் பணம் கட்டிப் பார்க்கிறீர்கள். வாடிக்கையாளர் மார்த்தாண்டம் தேனா, மலைத்தேனா என்று பத்து நிமிஷம் யோசித்து, கண்ணாடி தேடி, ஓடிபி தேடி வருகிறார். நீங்களும் நுழைந்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து கட்டிப் பாருங்கள், பிழை உங்களுக்கும் வரும்.

செஷன் குக்கியையே சேம்சைட் "நன்" (None, தடையே இல்லை) என்று திறந்துவிடலாம் என்பார்கள், எனக்கு அது பிடிக்காது, ஒரு கதவுக்காக வீட்டுச் சுவரை இடிக்கிற வேலை. திரும்பி வரும் அந்த ஒரு பக்கத்தில் செஷனைத் தொடங்கவே வேண்டாம். பணம் கட்டும் தளம் அனுப்பும் ஆர்டர் எண்ணையும் கையெழுத்தையும் சரிபாருங்கள், ஆர்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், உடனே உங்கள் "நன்றி" பக்கத்துக்கு ரீடைரெக்ட் செய்யுங்கள். அந்த இரண்டாவது நகர்வு கெட் முறையில் (சாதாரணமாகப் பக்கம் திறக்கும் முறை) போவதால் பழைய குக்கி கூடவே வரும், வாடிக்கையாளர் லாகினோடு இருப்பார்.

இரட்டை மெயிலுக்கு வருகிறேன். பணம் வந்தது என்ற தகவல் உங்களுக்கு இரண்டு வழியில் வருகிறது: வாடிக்கையாளரின் பிரவுசர் ஒன்று, பணம் கட்டும் தளத்தின் சர்வர் நேரே உங்கள் சர்வரைக் கூப்பிடுவது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டும் ஒரே நொடியில் வந்து விழும். இரண்டுமே "இந்த ஆர்டர் இன்னும் பாக்கியா" என்று கேட்டு, ஆமாம் என்ற பதில் கேட்டு, இரண்டுமே மெயில் அனுப்புகின்றன. கன்னியாகுமரிக்காரரின் அறை மாதிரியேதான். நிலை பாக்கியாக இருந்தால் மட்டும் கட்டியாயிற்று என மாற்று, இப்படி ஒரே அப்டேட். ஒரு வரி மாறியது என்று வந்தால் மெயிலும் பார்சல் சீட்டும், பூஜ்யம் என்று வந்தால் வாயை மூடிக்கொண்டு "சரி" என்று மட்டும் பதில் சொல்லிவிட வேண்டும். அந்தத் தளம் பதில் வரவில்லை என்று நினைத்து மூன்றாம் தடவை கூப்பிட்டாலும் பாட்டில் ஒன்றுதான் போகும்.

அந்த இரண்டாவது பாட்டிலைத் திருப்பிக் கேட்டீர்களா என்று எழுதவில்லையே.